தூக்கப் பழகிய மாதங்கள்

எங்கள் வீட்டில் கனமானதைத் தூக்குகிற வேலை எப்போதும் என் மனைவியுடையதுதான். கேஸ் சிலிண்டர் வந்தால் அவள்தான் உருட்டிக்கொண்டு போய் அடுப்படியில் நிறுத்துவாள். ரேஷன் அரிசியை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரோடாவது பேசிச் சிரித்தபடி வருவாள். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தவள். பந்தலுக்கு அடியில் நின்று, காலையிலிருந்து கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கியபடி கொடிகளைக் கவாத்து வெட்டுகிறவர்களுக்குத் தோள் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

என்னுடைய வேலை வெற்றிலை அடுக்குவது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, சின்னமனூரில் ஒரு வெற்றிலைக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஈரச் சாக்கைப் பரப்பி, இலையைப் பெரியது சிறியது என்று பிரித்து, காம்பெல்லாம் ஒரே பக்கம் வரும்படி கவுளி கவுளியாக அடுக்க வேண்டும். கவுளி என்றால் நூறு இலை. இந்த வேலைக்கு விரலும் கண்ணும் போதும், தோளுக்கு வேலை இல்லை. கட்டி முடித்த கூடையைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் கூடையில் கை வைத்தால், "அண்ணே, நீங்க எலயப் பாருங்க, இத நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அதுவே என் உடம்பைப் பற்றிய தீர்ப்பாகிவிட்டது. மாதா திருவிழாவில் சப்பரத்தைத் தோளில் வாங்க ஆட்கள் முட்டிக்கொள்ளும்போது நான் பின்னால் வருகிற கூட்டத்தோடு நடப்பேன். வாய்க்காலில் குளிக்கும்போதுகூடப் பனியனைக் கழற்ற மாட்டேன். ஒட்டிப்போன நெஞ்சும் குச்சிக் கையும் யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒரு கூச்சம்.

போன பங்குனியில் ஒருநாள் காலை, அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கப் போனவள், "இங்கேருங்க, இந்தக் கை சொன்னது கேக்கல" என்றாள். சொல்லிக்கொண்டே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தேனிக்குக் கொண்டு போனோம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இடது கையும் இடது காலும் நனைந்த துணி மாதிரி தொங்கிவிட்டன. மெதுவாகத் திரும்பும், மாதக்கணக்கில் ஆகலாம், தினமும் எழுப்பி உட்காரவைக்க வேண்டும், படுத்தே கிடக்க விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வண்டியிலிருந்து அவளைத் தூக்கி வந்து கட்டிலில் படுக்கவைத்தது அவளுடைய தம்பி. அடுத்த தெருவில் இருக்கிறான். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பை ஓட்டுகிறவன். நல்ல ஆகிருதி. விடிவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து அக்காவைத் தூக்கிக் குளியலறையில் உட்காரவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டுப் போவான். பிறகு சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு நேரே வருவான். எதிர் வீட்டு அம்மாள் இருக்கும்போது அவளும் கைகொடுப்பாள். ஆனால் அவளும் தோட்ட வேலைக்குப் போகிறவள். பகலில் தெருவில் ஆள் இருக்காது.

நான் இருந்தேன். கடைக்காரர் என் நிலைமையைப் பார்த்து இலைக் கூடையை வீட்டுக்கே அனுப்ப ஒத்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்து இலை அடுக்கினேன். பகல் முழுவதும் அவளுக்கு இரண்டடி தூரத்தில்தான் இருந்தேன். ஆனால் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்த என்னால் முடியவில்லை. இரண்டாம் நாளே ஒருமுறை முயன்றேன். பாதி எழுந்தவளை என் கை தாங்கவில்லை. அப்படியே திரும்பக் கட்டிலில் விழுந்தாள். "விடுங்க, அவன் வரட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

சில நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் காப்பி குடித்தவள் அதற்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. வெயில் காலம். உதடு வெடித்திருந்தது. சொம்பை நீட்டினால் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்வாள். சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்டதும்தான் கையை நீட்டி வாங்கிக் குடிப்பாள். படுத்த இடத்தில் பாத்திரம் வைத்துக்கொள்ள அவள் ஒரு தடவைகூடச் சம்மதிக்கவில்லை. அடுத்த முறை ஆசுபத்திரிக்குப் போனபோது சிறுநீரில் கிருமி இருக்கிறது, தண்ணீர் குடிப்பதே இல்லையா என்று டாக்டரம்மா அவளைத்தான் திட்டினார். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் ஓரமாக நின்று மருந்துச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை முடிகிற சமயத்தில் ஒருநாள் தம்பி வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஆடில இருந்து எனக்கு மலையிலயே வேல. எஸ்டேட்டுலயே தங்கி வண்டி ஓட்டணும். நல்ல எடம், விடவும் மனசில்ல. அதான் ஆண்டிபட்டில பெரியக்காட்ட பேசிட்டேன். அங்க ரெண்டு மருமகளுக இருக்கு, பேரன் இருக்கான். ஆடி பொறக்கவும் அங்கன கொண்டுபோய் விட்டுர்றேன்."

"எத்தன நாளைக்கு?" என்றாள் அவள்.

"நீ நடக்குற வரைக்கும்."

"நடக்கலன்னா?"

அவன் என் பக்கம் திரும்பி, "மச்சான், நா ஒங்களக் கொற சொல்லல. ஆனா ஒங்கள நம்பி எப்பிடி விட்டுட்டுப் போறது? நீங்களே சொல்லுங்க" என்றான்.

அவன் போன பிறகு அவள், "பெரியக்கா நல்லவுக. பாத்துக்கிருவாக. ஆனா அங்கன போனேன்னா நா இந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு ஆடி வரைக்கும் நேரம் இருந்தது.

திருப்பூரில் இருக்கிற மகளிடம் போனில் கேட்டேன். கேட்கவே நாக்கு எழவில்லை. "கைக்குத் தெம்பு வர்ற மாதிரி எதாவது செய்யலாமாம்மா, வீட்டுலயே?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. உடனே ஒரு வீடியோவை அனுப்பினாள். அதில் வந்த பையனின் கை என் தொடை அளவு இருந்தது. "ஹாய் கைஸ், ரொம்ப சிம்பிள்" என்று ஆரம்பித்து, தரையில் விழுந்து தண்டால் எடுத்தான். ஏதோ தரை அவனைத் தூக்கித் தூக்கிக் கொடுப்பது போல இருந்தது.

மறுநாள் தரையில் பாயை விரித்து நானும் கையை ஊன்றினேன். கீழே போவது எளிதாகத்தான் இருந்தது. மேலே வர முடியவில்லை. நெஞ்சும் மூக்கும் பாயில் அழுந்தக் கிடந்தேன். விடக் கூடாது என்ற வைராக்கியத்தில் எப்படியெப்படியோ புரண்டு எழுந்து, திரும்பத் திரும்பச் செய்தேன். மறுநாள் காலையில் தலைசீவக் கையைத் தூக்க முடியவில்லை. இலை அடுக்க உட்கார்ந்தால் விரல் நடுங்கி இலை கிழிந்தது. என் வாழ்க்கையில் வெற்றிலை எனக்குக் கனமாக இருந்தது அந்த ஒரு நாள்தான். அடுத்த சில நாட்கள் சட்டை மாட்டுவதே பெரும்பாடு.

"என்னத்துக்கு இந்த வேல?" என்றாள் அவள்.

"சும்மாதான்" என்றேன்.

"சும்மா யாராச்சும் பாயில மொகத்த தேப்பாகளா?"

மகளிடம் சொன்னபோது வேறு ஒரு வீடியோவை அனுப்பினாள். இதில் பேசியது வயதான ஒரு அம்மாள். "கையில் வலு இல்லாதவர்கள் தரையில் ஆரம்பிக்காதீர்கள், சுவரில் ஆரம்பியுங்கள்" என்றார். சுவருக்கு ஓரடி இரண்டடி தள்ளி நின்று, கையை ஊன்றி, நெஞ்சைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய், மெதுவாகத் தள்ளி வர வேண்டும். ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளில்தான் உடம்பு தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என்னைப் போன்ற ஒருவனுக்கும் ஏதோ இடம் இருக்கிறது என்று தோன்றியது.

கட்டிலுக்கு எதிரே இருந்த அடுப்படிச் சுவரில் ஆரம்பித்தேன். செய்யும்போது வாசல் கதவைச் சாத்திக்கொண்டேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான். அதில்தான் தப்பு செய்தேன்.

எங்கள் தெருவில் பகலில் வீட்டுக் கதவைச் சாத்துகிற வழக்கம் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் பூட்டிவிட்டுப் போவார்கள். வீட்டில் ஆள் இருந்தால் கதவு திறந்துதான் இருக்கும். ஆள் உள்ளே இருக்கும்போது கதவு சாத்தியிருந்தால் சண்டை என்று அர்த்தம், அல்லது அதைவிட மோசமான ஏதோ ஒன்று. எங்கள் வீட்டுக் கதவு ஒருநாள் விட்டு ஒருநாள் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து என் முக்கல் வேறு. சுவரில் கை வழுக்கினால் 'தொப்' என்று ஒரு சத்தம். கட்டிலில் கிடக்கிறவள் அதைப் பார்த்துச் சிரிக்க முயன்று இருமுவாள். அந்த இருமல் வெளியே அழுகையாகக் கேட்டிருக்கிறது.

ஒருநாள் தோட்டத்து ஆட்கள் வேலை முடிந்து திரும்புகிற நேரத்தில் கதவைப் படபடவென்று தட்டினார்கள். திறந்தால் எதிர் வீட்டு அம்மாள், கையில் தோட்டத்துக் கத்தரிக்கோலோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர்.

"அண்ணே, தள்ளுங்க" என்று என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தாள். "மதினி, என்ன செஞ்சாக இவுக? அடிச்சாகளா? சும்மா சொல்லு, பயப்படாத."

நான் வியர்வையில் நனைந்து மூச்சுவாங்க நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கோலத்தில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

"அடிக்கிறதா?" என்றாள் என் மனைவி. "ஆத்தா, அவுக என்னய அடிக்கல. செவுத்த அடிக்கிறாக."

"செவுத்தயா?"

"ஆமா. பயில்வானாகப் போறாகளாம்."

தெருவே சிரித்தது. எதிர் வீட்டு அம்மாள் கத்தரிக்கோலைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இலைக் கூடை மேல் ஈரத் துணியை இழுத்து மூடினேன், ஏற்கெனவே மூடியிருந்த கூடையை.

அவர்கள் போன பிறகு, "இனிமே கதவச் சாத்தாதீக. சாத்துனா ஒங்கள போலீசுல பிடிச்சுக் குடுத்துருவாக" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து கதவு திறந்தே இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். "என்ன மாமா, செவுரு நகந்துருச்சா?" என்று கேட்டார்கள். "வீட்டுக்காரருகிட்ட கேட்டுட்டுத் தள்ளுங்கப்பா" என்றார்கள். ஒரு வாரம் கேட்டார்கள், இரண்டு வாரம் கேட்டார்கள். பிறகு அலுத்துப்போய்விட்டது. நான் எதற்காகச் செய்கிறேன் என்பதை அவளுக்கும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கட்டிலில் கிடந்தபடி, "முதுக வளைக்காதீக", "மூச்ச அடக்காதீக", "கள்ளத்தனம் பண்றீக, இன்னும் கீழ போங்க" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். நான் சுவரைத் தள்ளும்போது அவள் தன் இடது விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள்.

சுவர் பழகியதும் துவைக்கிற கல்லில் கை ஊன்றிச் செய்தேன். அது இடுப்பு உயரம். முதல் நாள் சுவரில் பட்ட அதே பாட்டை அங்கேயும் பட்டேன். தண்ணீர் பாட்டிலில் ஆற்று மணலை நிரப்பி இரண்டு கையிலும் பிடித்து மடக்கி நீட்டினேன். ஜன்னல் கம்பியில் பழைய வேட்டியை முறுக்கிக் கட்டி, பின்னால் சாய்ந்து, உடம்பை இழுத்து வருவேன்; அது முதுகுக்கு. சாப்பாட்டில் மொச்சையும் கொள்ளும் முட்டையும் சேர்த்துக்கொண்டேன். சில வாரங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை தோன்றியது. பிறகு ஒருநாள் இலைக் கூடை கொண்டுவந்த ஆட்டோக்காரர் அதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எதையோ நினைத்துக்கொண்டு அதை எடுத்து வந்து உள்ளே வைத்தேன். வைத்த பிறகுதான் அதை நான் தூக்கியிருக்கிறேன் என்று உறைத்தது. அப்படியே நின்றேன். இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது, இனி இருப்பதைத் தேய்த்துத் தீர்க்க வேண்டியதுதான் என்றுதான் இருந்தேன்.

அதன் பிறகு அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகினேன். முழங்காலை மடக்கி, கட்டிப்பிடித்து, எழுந்து, திரும்பி, நாற்காலியில் வைப்பேன். மறுபடி எடுத்துக் கட்டிலில் வைப்பேன். கட்டில், நாற்காலி, நாற்காலி, கட்டில். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் கேலி செய்யவில்லை.

ஆனி மாதம் நடுவில் ஒரு மத்தியானம், "இன்னைக்கு ஒன்னய எழுப்பிப் பாக்கட்டா?" என்றேன்.

"ம்" என்றாள்.

கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தேன். அவள் அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் கையைக் கொடுத்தேன். வாசல் கதவு திறந்திருந்தது. தெருவில் யாரோ ஐஸ்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவளைத் தூக்கினேன். எழுந்துவிட்டாள். எழுந்து நின்ற அந்தக் கணத்தில் கை முழுவதும் நடுங்க ஆரம்பித்தது. அரிசி மூட்டையை விட அவள் அவ்வளவு ஒன்றும் கனமில்லை. ஆனால் மூட்டைக்குப் பயம் கிடையாது. அவளுக்கு இருந்தது. உடம்பை விறைத்துக்கொண்டாள். எனக்கு முழங்கை வளைந்தது. விழாமல் பார்த்துக்கொள்ள முடிந்ததே தவிர, நிறுத்த முடியவில்லை. இருவரும் மெல்ல மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

தரையிலிருந்து கட்டிலுக்குத் தூக்குவது அதைவிடக் கடினம். இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு நிறுத்திவிட்டேன். சுவரில் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் தம்பி வந்தபோது நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

அவன் முதலில் அக்காவைத் தூக்கிக் கட்டிலில் வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மச்சான், ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். இந்த வெளாட்டு வேணாம். கீழ விழுந்து எலும்பு கிலும்பு முறிஞ்சா அவ எந்திரிக்கவே மாட்டா."

"நாந்தாம்லே சொன்னேன் தூக்கச் சொல்லி" என்றாள் அவள்.

"நீ பேசாத. ஆடி வரைக்கும் காக்க முடியாது. வர்ற ஞாயித்துக்கெழம பூச முடியவும் வண்டியோட வர்றேன். பெரியக்காட்ட சொல்லிர்றேன்." படியிறங்கும்போது திரும்பி, குரலைத் தணித்து, "கோவிச்சுக்காதீக மச்சான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் இலைக் கூடை வந்தது. அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலிலிருந்து கேட்டாள்.

"தண்ணிக் கொடத்த எப்படித் தூக்குவாக?"

"எப்படின்னா?"

"கைய நீட்டித் தள்ளிப் பிடிச்சா தூக்குவாக? இடுப்போட ஒட்டி வச்சாத்தான் அது கொடம். தள்ளிப் பிடிச்சா அது கல்லு."

இலையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நேத்து என்னய எப்படிப் பிடிச்சீக? அரிசி மூட்டையக் கட்டிப் பிடிச்சுத் தூக்குனீக. என்னய மட்டும் தீயில கெடக்குற கட்டைய எடுக்குற மாதிரி கைய நீட்டி, மொகத்தத் திருப்பிக்கிட்டு... கண்ணு எங்க இருந்துச்சு தெரியுமா? வாசல்ல."

அவள் சொன்னது உண்மை. அவள் எழுந்து நிற்கும்போது அவள் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. நான் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கதவு திறந்திருக்கிறது, ஐஸ்காரர் பார்க்கிறார் என்றுதான் இருந்தது நினைப்பெல்லாம். அவளுடைய தம்பிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கூடப் பிறந்தவன், குழந்தையைத் தூக்குவது போல அள்ளிக்கொள்வான். என்னால் அது முடிந்ததில்லை. எங்கள் பக்கத்தில் புருசனும் பெண்டாட்டியும் தெருவில் பத்தடி இடைவெளி விட்டுத்தான் நடப்பார்கள். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்யாணத்தில் போட்டோக்காரர் அவள் தோளில் கை வைக்கச் சொன்னார். வைத்தது போல நின்றேன். அந்தப் படத்தில் என் கை அவள் தோளுக்கு ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில் நிற்கிறது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியும்.

"கதவச் சாத்திட்டு ஒருதடவ பாப்பமா?" என்று கேட்டேன்.

"வேணாம். தெறந்தே இருக்கட்டும். சாத்திக்கிட்டுப் பழகுனா சாத்திக்கிட்டுத்தான் தூக்குவீக. எனக்கு அவசரம்னா ஓடிப்போய்க் கதவச் சாத்திட்டா வருவீக?"

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் முன்னால் முழங்காலை மடக்கிக் குனிந்தேன். அவள் வலது கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். என் கைகள் அவள் முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்தது. தைல வாடை அடித்தது. வெளியே யாரோ செருப்புச் சத்தத்தோடு போனார்கள். எனக்கு உடம்பு கூசியது. "அங்கன பாக்காதீக" என்று காதில் சொன்னாள். எழுந்தேன். அவளும் எழுந்தாள். அவள் வலது காலால் தரையை உந்துவது எனக்குத் தெரிந்தது. நேற்று அவள் உந்தவே இல்லை. உந்துவதற்கு அவளுக்கு நான் எதையும் கொடுக்கவில்லை. நின்றோம். கை நடுங்கவில்லை. நான் மூச்சை அடக்கியிருப்பதைக் கண்டுபிடித்து, "மூச்சு விடுங்க" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் பழகினோம். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். குளியலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். அந்தப் படிதான் எங்களுக்கு மலையாக இருந்தது. தம்பியிடம் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான். காலையிலும் சாயங்காலமும் வழக்கம் போல அவன் தூக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேன் வந்து வாசலில் நின்றது. தம்பி வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்தான். எதிர் வீட்டு அம்மாள் வழியனுப்ப வந்து, அழுவதற்குத் தயாராக முந்தானையைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். தெருவில் இன்னும் சிலர் நின்றார்கள். கோயிலிலிருந்து திரும்புகிற நேரம், கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா.

"போவமாக்கா?" என்று குனிந்தான் தம்பி.

அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். "ஏலே, தள்ளி நில்லு. ஒன் மச்சான் தூக்கட்டும்."

"அக்கா, வெளாடாத."

"தூக்கட்டும்னு சொல்றேன்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது என் கல்யாணத்தில்தான் என்று நினைக்கிறேன். தம்பி வழிவிடாமல் நின்றான். "ஒருதடவ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தான். ஆனால் விழுந்தால் பிடிப்பதற்குக் கையை விரித்தபடி பக்கத்திலேயே நின்றான்.

நான் வாசலைப் பார்க்கவில்லை. குனிந்து அவளைச் சேர்த்துப் பிடித்தேன். அவள் கை கழுத்தைச் சுற்றியது. எழுந்தோம். அவள் கன்னம் என் கன்னத்தில் பட்டிருந்தது. தெருவில் ஒரு பெண் "ஆத்தாடி" என்றாள். யாரோ சிரித்தார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள். ஒவ்வொரு அடியாகத் திரும்பி நாற்காலியில் உட்காரவைத்தேன். அவளே சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னொருக்கா" என்றான். நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கினேன். "குளியலறைப் படி?" என்றான். அங்கேயும் கொண்டுபோனேன். படியில் இறங்கும்போது அவள் தடுமாறினாள். தம்பி பாய்ந்து வந்தான். அதற்குள் நான் அவளை இறுக்கி, சுவரில் தோளைச் சாய்த்து நின்றுவிட்டேன். அவன் கை எங்களுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. தொட வேண்டிய அவசியம் இல்லை என்று பார்த்து, மெதுவாகக் கையைக் கீழே போட்டான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது எனக்குச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தம்பி என் எதிரில் வந்து நின்றான்.

"ராத்திரி ஆனா என்ன செய்வீக? காச்ச கீச்ச வந்துச்சுன்னா?"

"எனக்கா அவளுக்கா?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "ரெண்டு பேருக்கும் வந்தா?"

"நா எதுக்கு இருக்கேன், தடி மாதிரி?" என்றாள் எதிர் வீட்டு அம்மாள். "ராத்திரில ஒரு சத்தம் குடுத்தா வரமாட்டனா? எறங்கிப் போ, வேன்காரர் ஆரன அடிக்கிறாரு."

தம்பி எழுந்து வெளியே போனான். வேன்காரரிடம் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. வண்டி காலியாகக் கிளம்பிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். திரும்ப உள்ளே வந்தவன், "ஆடி வரைக்கும் நா வருவேன். ஆனா தூக்கமாட்டேன். நின்னு பாப்பேன்" என்றான். அப்படியே செய்தான். தினமும் சாயங்காலம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். குறை சொன்னான். ஆடி பிறந்ததும் மலைக்குப் போய்விட்டான்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. அவள் இடது காலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிமானம் வந்திருக்கிறது. வாக்கரைப் பிடித்து அடுப்படி வரை போகிறாள். நான் இன்னும் ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி செய்கிறேன். தரையில் முழுத் தண்டால் இன்னும் வரவில்லை. முட்டியை ஊன்றித்தான் எடுக்கிறேன். அவள் எடை என் கையில் குறைந்துகொண்டு வருகிறதே, பிறகும் எதற்கு இந்தக் கஷ்டம் என்று எதிர் வீட்டு அம்மாள் கேட்டாள். அவளுக்குச் சரியாக விளக்க எனக்குத் தெரியவில்லை. படுத்திருக்கிற ஒருத்தியைத் தூக்குவது ஒருவகையில் எளிது. எந்தப் பக்கம் பாரம் வரும் என்று முன்பே தெரியும். நடக்க ஆரம்பித்தவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று அவளுக்கே தெரியாது. சாய்கிற வரைக்கும் தொடவும் கூடாது, தொட்டால் திட்டுகிறாள். கையை விரித்தபடி அவளுக்கு ஒரு சாண் பின்னால் நடந்துகொண்டிருக்கிறேன்.